இன்சார்ஜ் நீதிபதி: சொல் விளக்கம்

"இன்னிக்கு இன்சார்ஜ்தான், வாய்தா வாங்கிட்டுப் போங்க." மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரு நீதிமன்றத்தின் நீதிபதி விடுப்பில் போனாலோ, இடமாறுதலில் அவர் நாற்காலி காலியானாலோ, இன்னொரு நீதிமன்றத்தின் நீதிபதி தம் வேலையோடு அதையும் சேர்த்துப் பார்ப்பார். அவரே இன்சார்ஜ் நீதிபதி.

'சார்ஜ்' என்பது வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் இதற்கு நேரான சொல் 'பொறுப்பு'. இதன் வேரான 'பொறு' என்பதற்கும் சுமத்தல் என்றே பொருள். "சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற குறளில் (37) பல்லக்குச் சுமந்தவனே 'பொறுத்தான்'. ஆகவே 'பொறுப்பு நீதிபதி' என்பதே சரி. சிலர் எழுதும் 'தற்காலிக நீதிபதி' பொருந்தாது. அவர் தம் நீதிமன்றத்தில் முறையாக அமர்த்தப்பட்டவர். தற்காலிகமாக இருப்பது கூடுதல் சுமை மட்டுமே. 'பொறுப்புத் தலைமை நீதிபதி' என்பது வேறு. அவர் அரசியலமைப்பின் 223ஆம் பிரிவின்படி அமர்த்தப்படுபவர், தலைமை நீதிபதியின் கடமைகள் முழுவதையும் செய்பவர்.

பொறுப்பைக் கொடுப்பது யார்? மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்கு வழக்கமாகத் தலைமைக் குற்றவியல் நடுவர் (தலைமை மாஜிஸ்திரேட்). சிவில் வழக்குகளைப் பார்க்கும் முன்சீப், சார்பு நீதிமன்றங்களுக்கு முதன்மை மாவட்ட நீதிபதி. உசிலம்பட்டி மாஜிஸ்திரேட் விடுப்பில் இருந்தால் திருமங்கலத்தில் இருப்பவரிடம் பொறுப்பு போகலாம். வழக்கு இடம் மாறாது. வழக்கு எண்ணும் ஆவணக் கட்டும் உசிலம்பட்டியிலேயே இருக்கும். மனுவில் எழுத வேண்டியதும் அந்த நீதிமன்றத்தின் பெயரைத்தான்.

பொறுப்பு நீதிபதி நடைமுறையில் அவசர வேலைகளை மட்டும் பார்ப்பார்: ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்கும் உத்தரவு) நீட்டிப்பு, ஜாமீன், சரண்டர், உடனடித் தடை உத்தரவு. சாட்சி விசாரணையை ஒத்திவைத்துவிடுவார். ரிமாண்டை ஒரு தடவையில் 15 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்பதால்தான் நாற்காலியை ஒருநாள்கூட ஆளில்லாமல் விட முடிவதில்லை.

இங்கே பலர் ஏமாறுவது டீஃபால்ட் பெயிலில். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ரெகுலர் நீதிபதி வரட்டும் என்று மனுவைக் கையில் வைத்திருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். கெடு முடிந்த மறுநாளே பொறுப்பு நீதிபதி முன் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

இடமாறுதலில் நிரந்தரமாக வருபவர் 'பின்வந்த நீதிபதி'. இவரைப் பொறுப்பு நீதிபதி என்பது தவறு. முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை இவர் அப்படியே எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிவிலில் இதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 18, விதி 15, கிரிமினலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 365ஆம் பிரிவு. ஆனால் முன்னவர் கேட்ட வாதம் இவருக்கு உதவாது, வாதத்தை மறுபடி சொல்லியாக வேண்டும். முன்னவர் தீர்ப்பை எழுதி முடித்து வாசிக்காமல் போயிருந்தால், சிவில் வழக்கில் பின்வந்தவர் அதை வாசிக்க வேண்டும் (ஆணை 20, விதி 2).

சாட்சியத்தின் சாரத்தை மட்டும் குறித்துக்கொண்டு நடத்தும் சுருக்கமுறை விசாரணையில், முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை எடுத்துக்கொள்ளும் சலுகை கிடையாது. செக் மோசடி வழக்கு அப்படி நடந்திருந்தால் பின்வந்தவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டனையே அப்பீலில் ரத்தாகும். சம்மன் வழக்குப்போல முழுச் சாட்சியமும் பதிவாகியிருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. மாஜிஸ்திரேட் மாறியதும் வழக்குக் கட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2004 ஜூலை 24 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 'இன்சார்ஜ்' என்ற பேச்சுக்குப் பதில் 'ரோஸ்டர்' என்பதே புழங்கும். தமிழில் 'பணிப்பகிர்வுப் பட்டியல்' எனலாம். எந்த நீதிபதிக்கு எந்த வகை வழக்கு என்பதைத் தலைமை நீதிபதியே முடிவு செய்வார். 1998இலும் 2018இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஒருவர் வழக்கிலிருந்து விலகினால் கட்டு தலைமை நீதிபதியின் உத்தரவுக்குப் போய், அவர் குறிக்கும் வேறு அமர்வின் முன் வரும். இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தால் மூன்றாமவரிடம் போகும். 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்கில் 2018 ஜூனில் சென்னையில் அப்படித்தான் ஆனது. அதில் முதலில் குறித்த மூன்றாம் நீதிபதிக்குப் பதில் வேறொருவரை உச்ச நீதிமன்றமே அமர்த்தியது.

எந்த நிலையிலும் 'இந்த நீதிபதிதான் வேண்டும்' என்று வழக்காடுபவர் கேட்க முடியாது. ஒருதலைப்பட்சம் என்ற அச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தால் வழக்கை மாற்றக் கேட்கலாம். சிவிலில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போட வேண்டும். கிரிமினலில் பி.என்.எஸ்.எஸ். 448இன்படி செஷன்ஸ் நீதிபதியிடமும், 447இன்படி உயர் நீதிமன்றத்திலும் போடலாம்.