டர்போ ஆறட்டும்: டீசல் எஞ்சினை ஏன் உடனே நிறுத்தக் கூடாது?

போன கோடையில் எங்கள் தோட்டத்தில் போர் போட்டோம். திருச்செங்கோட்டு வண்டி. அறுநூறு அடியைத் தாண்டித் தண்ணீர் வந்து, பைப்பையெல்லாம் உருவி முடித்த பிறகும் கம்ப்ரசர் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காது அடைத்துப்போன சித்தப்பா, "அதான் வேலை முடிஞ்சிருச்சே, நிறுத்துங்க தம்பி" என்றார். "இருங்கண்ணா, டர்போ ஆறட்டுங்க" என்றார் ஆபரேட்டர். லோடை எடுத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, முகம் கழுவி வந்து, அப்புறம்தான் நிறுத்தினார். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆறட்டும் என்று அவர் சொன்னதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். "டர்போ வண்டியை உடனே ஆஃப் பண்ணக் கூடாது" என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஏன், எத்தனை நிமிடம், எப்போது தேவையில்லை என்பது தெரியாததால் ஒன்று பயந்துபோய் வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஓடவிடுவார்கள், இல்லையென்றால் அதெல்லாம் அந்தக் காலம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள்.

முதலில் டர்போ என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினுக்குள் எரிந்து வெளியே வரும் புகையில் இன்னும் நிறைய சூடும் அழுத்தமும் மிச்சம் இருக்கும், அதைச் சும்மா வானத்தில் விடுவதற்குப் பதிலாக ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்ற வைத்தால், அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசலையும் அதிகம் எரிக்கலாம், அதே அளவு எஞ்சினில் கூடுதல் சக்தி கிடைக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அப்போது இல்லாததால், 1920களில் கப்பல் எஞ்சின்களில்தான் அது உருப்படியாக வேலை செய்தது.

அந்தச் சூடும் வேகமும் எவ்வளவு என்பதுதான் விஷயமே. முழு லோடில் ஓடும் டீசல் எஞ்சினிலிருந்து டர்போவுக்குள் நுழையும் புகை 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், சில எஞ்சின்களில் அதற்கும் மேல். புகைப்பக்கச் சக்கரத்தை நிக்கல் கலப்பு உலோகத்தில் வார்ப்பதும், அதைச் சுற்றியிருக்கும் கூட்டைத் தடித்த வார்ப்பிரும்பில் செய்வதும் அதனால்தான். மறுமுனையில் காற்றை அமுக்கும் சக்கரமோ வெறும் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத ஒரு எஃகு ஷாஃப்ட். லோடில் அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றும், சிறிய கார் டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். நொடிக்கு ஆயிரத்து அறுநூறு சுற்றுக்கு மேல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்விசிறி நிமிடம் முழுக்கச் சுற்றுவது முந்நூறு, நானூறு சுற்றுதான்.

இந்த வேகத்தில் சாதாரண முறையில் பேரிங் போட முடியாது. பெரும்பாலான டர்போக்களில் இருப்பது மிதக்கும் புஷ், அதாவது ஷாஃப்டைச் சுற்றித் தளர்வாக இருக்கும் உலோக வளையம். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு ஆயில் படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இன்னொரு படலம். ஷாஃப்ட் சுற்றும்போது அந்தப் புஷ்ஷும் கொஞ்சம் மெதுவாகக் கூடவே சுற்றும். எல்லாம் சரியாக இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடவே தொடாது, ஆயிலில் மிதந்தபடியே சுற்றும். இடைவெளி தலைமுடியின் பருமன்கூட இருக்காது. எனக்கு எந்திரங்களிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அந்த ஆயிலுக்கு இரண்டு வேலை. ஷாஃப்டைத் தாங்குவது ஒன்று. இரண்டாவது, புகைப்பக்கத்திலிருந்து ஷாஃப்ட் வழியாகவும் கூடு வழியாகவும் நடுப்பகுதிக்கு வந்துகொண்டே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு கீழே சம்ப்புக்கு, அதாவது எஞ்சினின் ஆயில் தொட்டிக்குப் போவது. ஆயில் விடாமல் உள்ளே வந்து விடாமல் வெளியே போவதால்தான், ஒரு பக்கம் 600 டிகிரியில் நெருப்பாக இருக்கும்போதே சில விரற்கடை தள்ளி இருக்கும் புஷ் சேதமில்லாமல் இருக்கிறது. இந்த ஆயிலைத் தள்ளும் பம்பை ஓட்டுவது எஞ்சின்.

இப்போது முழு லோடில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? பம்ப் நின்றுவிடும், ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். பேரிங்கில் இருந்த ஆயிலில் பெரும்பகுதி தன் எடையிலேயே கீழே வடிந்துவிடும், இடுக்குகளில் ஒரு மெல்லிய படலம் மட்டும் தங்கும். கிலோ கணக்கில் இருக்கும் வார்ப்பிரும்புக் கூட்டின் சூடு மட்டும் எங்கேயும் போகவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் கிடக்கும் தோசை கருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கூட்டின் சூடு மெதுவாக நடுப்பகுதிக்குள் ஊறும், அள்ளிக்கொண்டு போக ஆயில் இல்லை. அதனால் எஞ்சின் ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்திய சில நிமிடங்கள் கழித்துத்தான் பேரிங் பகுதி அதிகமாகச் சூடாகிறது. வண்டியைப் பூட்டிவிட்டு நாம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், யாரும் பார்க்காதபோது நடக்கும் சேதம் இது.

அங்கே தங்கிய ஆயில் படலம் என்ன ஆகும் என்பதற்கும் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. பழைய வாணலியின் வெளிப்பக்கம் எண்ணெய் வழிந்து காய்ந்து, தேய்த்தாலும் போகாத கறுப்பாக ஒட்டியிருக்குமே, கிட்டத்தட்ட அதேதான். ஆயிலில் லேசான பகுதிகள் ஆவியாகிவிடும், மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து முதலில் பழுப்பு வார்னிஷாகி, பிறகு இறுகிக் கரியாகும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகிவிடாது. இதே பழக்கம் நாள்தோறும், வருடக்கணக்கில் தொடரும்போது படலம் மேல் படலமாக அது ஏறும்.

ஒரு டர்போ ஒர்க்‌ஷாப்பில் மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த கோர் (ஷாஃப்டும் பேரிங்கும் இருக்கும் டர்போவின் நடுப்பகுதி) ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆயில் வடிய வேண்டிய துவாரம் பாதிக்கு மேல் கரியால் அடைந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் வரவில்லை, ஸ்குரூடிரைவர் தேவைப்பட்டது. வடிகால் அடைந்தால் ஆயில் தேங்கி, சீல் வழியாகப் புகைப்பக்கம் கசியும், சைலன்சரில் நீலப் புகை தள்ளும். வரும் வழி அடைந்தால் இன்னும் மோசம், புஷ்ஷுக்கு ஆயில் போதாது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் மெல்லிய ஆயில் பைப்பிலேயே கரி கட்டிக்கொள்வதும் உண்டு. உதிரும் கரித்துகள் உப்புத்தாள் போலப் புஷ்ஷைத் தேய்க்கும், ஷாஃப்டில் பிளே விழுந்து அது ஆட ஆரம்பிக்கும், ஒரு லட்சம் சுற்றில் சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசும். அத்தோடு டர்போ போயிற்று. புதுசு போடாமல் கோரை மட்டும் மாற்றினாலும், கரி அடைத்த அந்த பைப்பை மாற்றாமல் விட்டால் அடுத்த கோரும் அதே வழியில்தான் போகும்.

சரி, மெதுவாக ஓடவிட்டால் எப்படி ஆறுகிறது? எனக்கு இந்தப் பகுதிதான் அழகாகப் படுகிறது. சாதாரண பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளுக்கு ஏற்ற அளவு காற்றை மட்டும் உள்ளே விடுவார்கள், லோடில்லாமல் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் காற்றும் குறைவு, டீசல் எஞ்சின் அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட முழுக் காற்றையும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், சக்தி வேண்டாம் என்றால் டீசலின் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளும். முழு லோடில் ஒரு கிராம் டீசலுக்கு இருபது, இருபத்தைந்து கிராம் காற்று என்றால், ஐட்லிங்கில் அது எண்பது கிராமையும் தாண்டும். அவ்வளவு காற்றில் அந்தத் துளி டீசல் எரிந்தால் வெளியே வரும் புகை ஏறக்குறைய 150 டிகிரிதான் இருக்கும். 600 டிகிரியில் இருக்கும் கூட்டுக்கு 150 டிகிரிப் புகை என்பது குளிர்ந்த காற்று. லோடில் சூடாக்கிய அதே புகைதான் ஐட்லிங்கில் டர்போவைக் குளிர வைக்கிறது. கூடவே ஆயிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்லிய சக்கரம் சீக்கிரம் ஆறிவிடும், தடித்த கூட்டுக்குத்தான் நிமிடங்கள் தேவை.

எத்தனை நிமிடம் என்றால், முழு லோடில் ஓடிய பிறகு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் என்று கம்மின்ஸ் போன்ற பெரிய எஞ்சின் கம்பெனிகளின் கையேடுகளே சொல்கின்றன. ஆனால் கடிகாரத்தைவிட, நிறுத்துவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் எஞ்சின் என்ன செய்தது என்பதைப் பாருங்கள், அதுதான் கணக்கு. பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளை முழு லோடோடு ஏறிய லாரி, ஏற்றம் முடிந்த இடத்திலேயே ஓரங்கட்டினால் ஐந்து நிமிடமும் தேவை. அதே லாரி நிற்காமல் ஆசனூர் வரை காட்டுச் சாலையில் நிதானமாகப் போய் டீக்கடையில் நின்றால், ஆற வேண்டியதில் பெரும்பங்கு வழியிலேயே ஆறியிருக்கும், ஒரு நிமிடம் போதும். பைபாஸில் நூறில் வந்த ஆம்னி பஸ் நேராக மோட்டலுக்குள் திரும்பி நின்றால் டிரைவர் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். ஊருக்குள் நாலு சிக்னல், ரெண்டு ஸ்பீடு பிரேக்கர் தாண்டி வீட்டுக்கு வந்த கார்க்காரருக்கு அரை நிமிடமே தாராளம், கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விடும் நேரத்திலேயே அது முடிந்துவிடும். அமெரிக்காவில் பிக்கப் வண்டியில் பெரிய ட்ரெய்லர் இழுப்பவர்கள் பலர் புகையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டரையே பொருத்திக்கொண்டு, அது 150, 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிய பிறகு சாவியைத் திருப்புகிறார்கள். மீட்டர் இல்லாத நமக்குக் கடைசி ரெண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதைவிட நல்ல வழி கிடையாது.

போர் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு 1100 கன அடி காற்றை 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்துக்கொண்டிருந்த எஞ்சின், பாறையை உடைக்கும் ஹேமருக்குக் காற்று கொடுத்து மணிக்கணக்கில் லோடிலேயே இருந்திருக்கிறது. லோடை எடுத்துவிட்டு அங்கேயே ஓடவிட்டால்தான் உண்டு. எங்கள் ஆபரேட்டர் செய்தது அதைத்தான்.

நிறுத்துவதற்கு முன் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து, ரேஸ் கொடுத்து அப்படியே ஆஃப் பண்ணும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. டர்போ வண்டியில் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஒரு மிதியில் ஷாஃப்ட் வேகம் பல்லாயிரம் சுற்று ஏறிவிடும், அடுத்த நொடியே எஞ்சின் நிற்கும், ஆயில் அழுத்தம் பூஜ்ஜியம், ஷாஃப்ட் மட்டும் தன் வேகத்திலேயே காய்ந்த புஷ்ஷில் சுற்றும். சூட்டால் வரும் சேதத்துக்கு மேல் இது தனிச் சேதம்.

அதிக நேரம் ஓடவிட்டால் அதிக நல்லது என்பதும் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐட்லிங்கில் எஞ்சினுக்குள் வெப்பம் குறைந்து டீசல் சரியாக எரியாது, கரி சேரும், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். டர்போவின் சீல்கூட உள்ளே அழுத்தம் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும், நீண்ட ஐட்லிங்கில் அந்த அழுத்தம் இல்லாததால் ஆயில் மெல்லக் கசியலாம். மூன்று நிமிட ஐட்லிங்குக்கு ஒரு லாரி எஞ்சின் ஒரு டம்ளர் டீசல்கூடக் குடிக்காது, அதற்காகக் கணக்குப் பார்க்க வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

புது வண்டிகளில் நிலைமை கொஞ்சம் தேவலை. பல டர்போக்களின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் மேலேறிக் குளிர்ந்த தண்ணீர் கீழிறங்கிச் சூட்டை இழுத்துப் போகும். சிந்தெடிக் ஆயில் பழைய மினரல் ஆயிலைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் நேரம். அப்போது எக்ஸாஸ்ட் வேண்டுமென்றே சூடாக்கப்படும், நீங்கள் மெதுவாக ஓட்டி வந்திருந்தாலும் அது சூடாகத்தான் இருக்கும். ஐட்லிங் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, ரேடியேட்டர் விசிறி காரணமில்லாமல் வேகமாகச் சுற்றினாலோ, சூடான வாடை வந்தாலோ அதுவாக இருக்கலாம். முடிந்தால் முடியும்வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

ஏற்றத்தில் லோடோடு எஞ்சின் தானாகவே நின்றுபோனால் உடனே திரும்ப ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள், சூடு உள்ளே ஊறுவதற்குள் ஆயில் திரும்ப ஓட வேண்டும். ஆயில் அழுத்தமே போய், எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றது என்றால் மட்டும் இதைச் செய்யக் கூடாது, அப்போது ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

அடுத்த தடவை வண்டியை ஆறவிட்டு நிறுத்தும்போது பானட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். எஞ்சின் நின்ற பிறகு ஓரிரு நொடிக்கு மெலிதாக ஒரு விசில் இறங்கி இறங்கி அடங்கும், பெரிய எஞ்சின்களில் அது நன்றாகவே கேட்கும். அதுதான் ஷாஃப்ட் ஆயிலில் மிதந்தபடி ஓய்வது. வழக்கமாக அடங்கும் விசில் ஒருநாள் வெட்டியது போல நின்றாலோ, கூடவே உரசும் சத்தம் கேட்டாலோ, அடுத்த லோடுக்கு முன் டர்போவைக் கழற்றிப் பாருங்கள்.