கினி பிக்குக்கு முடி கொட்டுதா? மைட்ஸ மட்டும் பார்த்தா பத்தாது

புதுசா வாங்கின கினி பிக் (எலி மாதிரி கொறிக்கற ஒரு செல்லப்பிராணி) ஓயாம சொறியுது, முதுகுல முடி கொட்டி தோல் செதில் செதிலா உரியுது, என்ன காரணம்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க.

காதுக்குப் பின்னாடி சின்னதா வழுக்கை இருந்தா விட்டுடுங்க, அது எல்லா கினி பிக்குக்கும் உண்டு. மத்தபடி பெரும்பாலும் பேன், படர்தாமரை இல்லன்னா மைட்ஸ்ங்கற நுண்ணிய ஒட்டுண்ணி. இதுல டிரிக்சகாரஸ் கேவியேங்கற மைட்தான் கொடூரம், கண்ணுக்கே தெரியாது, தோலைக் குடைஞ்சு உள்ள முட்டை போடும், அரிப்பு தாங்காம சிலதுக்கு வலிப்பே வந்துடும். அது பல நேரம் கடையிலேருந்தே கூட வந்திருக்கும், கூண்டு மாறி ஆள் மாறி பயந்து எதிர்ப்பு சக்தி குறையுற நேரத்துல பெருகிடும்.

ஆனா வைட்டமின் சி குறைஞ்சாலும் தோலும் முடியும் கெடும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அந்த வைட்டமின்தான். எலி, நாய் எல்லாம் குளுக்கோஸ்லேருந்து அத தானே தயாரிச்சுக்கும், கினி பிக்குக்கும் நமக்கும் அந்த வேலையோட கடைசிப் படிக்கான ஜீன் கெட்டுப்போச்சு. தோலுக்கு உறுதி குடுக்கற கொலாஜன்ங்கற புரதம் மூணு பிரி கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கும். அந்தப் பிரிகள்ல இருக்கற புரோலின்ங்கற அமினோ அமிலத்துல ஒரு என்சைம் (வேதிவினைய நடத்தி வைக்கற புரதம்) போய் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ஒண்ண சேர்த்துவிடும், அது சேரலன்னா முறுக்கு சுமார் 24 டிகிரியிலயே அவிழ்ந்துடும், கினி பிக்கோட உடம்பு சூடோ 38 டிகிரிக்கு மேல! அந்த என்சைமுக்கு நடுவுல ஒரே ஒரு இரும்பு அணு, அது அப்பப்ப ஒரு எலக்ட்ரான இழந்து வேலைய நிறுத்திடும், வைட்டமின் சி வந்து எலக்ட்ரானக் குடுத்து மறுபடி ஓட வைக்கும். இங்க அவ்வளவுதான் அதோட வேலை, அத நம்பித்தான் தோல், ஈறு, மூட்டு, ரத்தக்குழாய் எல்லாம் நிக்குது! அது குறைஞ்சா முடி சொரசொரன்னு ஆகும், புண்ணு ஆறாது, மூட்டு வீங்கி நடக்கவே யோசிக்கும்.

1907ல நார்வேல ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மாலுமிங்களுக்கு வந்த பெரிபெரிங்கற வைட்டமின் பி1 குறைபாட்டு நோய ஆராயத்தான் கினி பிக்குக்கு வெறும் தானியமா குடுத்தாங்க, வந்தது ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைபாட்டு நோய். எலிய எடுத்திருந்தா ஸ்கர்வி வந்திருக்காது. உடனடி பயன் என்னன்னு கேட்டுக்கேட்டே பணம் ஒதுக்கினா இந்த மாதிரி கண்டுபிடிப்பெல்லாம் எங்கேருந்து வரும்? அடிப்படை ஆராய்ச்சிக்கு நம்ம நாடு இன்னும் தாராளமா செலவழிக்கணும்.

சரி, தினமும் குடைமிளகாய், கொஞ்சம் கொய்யா, கூடவே எந்நேரமும் புல்லு. வைட்டமின் சொட்டுமருந்த தண்ணி பாட்டில்ல விடாதீங்க, வெளிச்சம் பட்டு சீக்கிரமே வீணாயிடும், பழைய பெல்லட்லயும் (கடையில விக்கற உருண்டைத் தீவனம்) அந்தச் சத்து மிஞ்சாது. கண்ணு பட்டுடுச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டுட்டு நாள் கடத்துறதும், சொறி நாய்க்குத் தடவுற மாதிரி எஞ்சின் ஆயில் தடவுறதும் வேண்டவே வேண்டாம், நக்கினா விஷம். நாய்க்கு அடிக்கற ஸ்பிரேயும் கூடாது. டாக்டர் தோலச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டு மைட்ஸ்னா எடைக்குத் தகுந்த ஐவர்மெக்டின்ங்கற ஒட்டுண்ணி மருந்து குடுப்பாரு, அது முட்டைய அழிக்காது, அதனால குணமான மாதிரி தெரிஞ்சாலும் அவர் சொல்ற இடைவெளியில அடுத்த டோசையும் போட்டே ஆகணும், கூட இருக்கற மத்த கினி பிக்குக்கும் சேர்த்து. படர்தாமரைன்னா நமக்கும் ஒட்டும், கூண்டு கழுவும்போது கிளவுஸ் போட்டுக்கோங்க, குழந்தைங்கள கொஞ்ச நாள் தூக்க விடாதீங்க.