நடை ரத்தானால் யாரைக் கேட்பது? சேலத்தில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொறுப்பானவர்கள்

எங்கள் ஊருக்கு மாலையில் வரும் பஸ்ஸின் கடைசி நடை (டிரிப்) மூன்று வாரமாக வரவில்லை. ஊர், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் தார்ச்சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. கடைசி நடையாக வரும் பஸ் இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் முதல் நடையாகக் கீழே இறங்கும். ஆகவே மாலை பஸ் வராவிட்டால் மறுநாள் காலை பஸ்ஸும் இல்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எஸ்டேட் ஜீப்புக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஒன்பதாம் நாள் கைப்பேசியில் செய்தி வந்தது: ‘தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ அந்தத் துறை எது என்று செய்தியில் இல்லை.

அதைத் தேடப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை. சேலம் வட்டாரத்தில் பஸ்ஸும் ரயிலும் ஒரே மேசையின் கீழ் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் எங்கேயோ ஒரு தாள் இருக்கிறது, அதில் ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கும் வெறும் வாயால் கேட்பவருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றல்ல.

முதலில் பஸ். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 68ஆவது பிரிவு இரண்டு அமைப்புகளைச் சொல்கிறது: மாநில அளவில் ஒரு போக்குவரத்து ஆணையம், வட்டார அளவில் இன்னொன்று. தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்பது மாவட்ட ஆட்சியர்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அதன் செயலாளர். நாம் ஆர்.டி.ஓ. அலுவலகம் என்றால் லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், எட்டுப் போட்டுக் காட்டுவது என்று மட்டும் நினைக்கிறோம். எந்த வழித்தடத்தில் எத்தனை பஸ், எத்தனை நடை, எந்த நேரம் என்ற கணக்கும் அந்தக் கட்டிடத்தில்தான் கிடக்கிறது.

பஸ்ஸுக்குக் கொடுக்கிற பெர்மிட் வெறும் ஓட்டுவதற்கான அனுமதி அல்ல. அதோடு நிபந்தனைகளும் வருகின்றன. 72ஆவது பிரிவைப் பொறுமையாகப் படித்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை, அதிகம் எத்தனை நடை என்று நிர்ணயிக்கலாம். ஒப்புதல் பெற்ற கால அட்டவணையைப் பஸ்ஸுக்குள்ளும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். அட்டவணையிலிருந்து எவ்வளவு நேரம் முன்பின் ஆகலாம் என்பதைக்கூடச் சொல்லலாம். நிபந்தனையை மீறினால் 86ஆவது பிரிவின்படி பெர்மிட்டை ரத்து செய்யலாம், தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு விடவும் அதே பிரிவில் வழி உண்டு. ‘ஆள் இல்லை, அதனால் டிரிப் கட்’ என்று நிலையத்தில் சொல்லும்போது, ஒரு நிபந்தனை மீறப்படுகிறதா என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுகிற ஊர் சேலம். அண்ணா போக்குவரத்துக் கழகம் என்ற பழைய பெயரை இன்னும் சிலர் சொல்கிற அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. இரண்டுக்கும் பெர்மிட் வேண்டும். இங்கே ஒரு நெருடல் உண்டு. எந்தப் போக்குவரத்துத் தொழிலிலாவது பணத் தொடர்பு உள்ளவர் ஆணையத்தில் இருக்கக் கூடாது என்று 68ஆவது பிரிவே தடுக்கிறது. தனியார் முதலாளிக்கு அது சரியாகப் பொருந்துகிறது. ஆனால் பெரிய போக்குவரத்துக் கழகத்தை நடத்துவது மாநில அரசு. ஆணையமாக அமர்ந்திருப்பவரும் அதே அரசின் அதிகாரி. சட்டத்தின் எழுத்துப்படி இதில் பிழை இல்லை. என்றாலும் வலது கை இடது கையைக் கண்டித்து யாரும் அதிகம் பார்த்ததில்லை.

கட்டணம் உள்ளூர் விஷயமே அல்ல. 67ஆவது பிரிவின்படி மாநில அரசு முடிவு செய்கிறது; 2018 ஜனவரியில் ஏற்றியதும், அதே மாதக் கடைசியில் கொஞ்சம் இறக்கியதும் சென்னையில்தான். பெண்களுக்குக் கட்டணமில்லாத விடியல் பயணம் 2021 மே மாதம் வந்தது. அது அரசுக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது. தனியார் டவுன் பஸ்ஸில் நடத்துநரிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

மினி பஸ்ஸின் வழித்தடமும் ஆட்சியரின் மேசைக்கே வருகிறது. பஸ் போகாத கிராமங்களுக்காக 1997இல் வந்த பழைய திட்டத்தில் வழித்தடம் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் அது 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் சேவை இல்லாத சாலையாக இருக்க வேண்டும். எங்கள் மலையில் மாரமங்கலம், வாழவந்தி, வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகளின் உட்கிராமங்களை நினைத்தால் 65 சதவீதம் பெரிய தடையாகத் தெரியவில்லை. வண்டி வாங்கி அந்த வளைவுகளில் ஓட்டி லாபம் பார்க்க ஒருவர் முன்வர வேண்டும், கஷ்டம் அங்கேதான். ஆனாலும் எந்தச் சாலைக்கு மினி பஸ் தேவை என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புவது வீண் வேலை அல்ல. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எப்படியும் சபை கூடுகிறது.

இனி மாநகராட்சி. வார்டு உறுப்பினரிடம் ‘நம் தெருவுக்கு பஸ் விடச் சொல்லுங்கள்’ என்று கேட்காதவர் சேலத்தில் இல்லை. அவரும் பார்க்கிறேன் என்று சொல்வார். அவரால் முடிந்தது என்ன? அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்குரிய வேலைகளைப் பதினெட்டு இனங்களாகச் சொல்கிறது. பஸ் என்ற சொல் அதில் வருவது பதினேழாவது இனத்தில் மட்டும். தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றோடு சேர்த்து ‘பஸ் நிறுத்தங்கள்’ என்று இருக்கிறது. பஸ் நிற்கிற இடம் மாநகராட்சிக்கு, பஸ் மற்றவர்களுக்கு. மெய்யனூரில் இருக்கிற புதிய பேருந்து நிலையமும், ஈரடுக்காகக் கட்டி 2023 ஜூனில் திறக்கப்பட்ட பழைய பேருந்து நிலையமும் மாநகராட்சியின் சொத்து. நிழற்குடை, கழிப்பறை, நடைமேடையை அடைத்துக்கொண்ட கடை, எரியாத விளக்கு ஆகியவற்றுக்கு வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள். வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்யும்போது உள்ளாட்சியைக் கலந்து பேச வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு சொல்கிறது, அவ்வளவே.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1939ஆம் ஆண்டின் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில், பெர்மிட் கொடுக்கும் முன் உள்ளாட்சி அமைப்பும், சாலைப் போக்குவரத்து வசதியில் அக்கறை உள்ளவர்களின் சங்கங்களும் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 47ஆவது பிரிவு இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெர்மிட் கிடைப்பதை எளிதாக்க வந்தது. அந்த வாசகம் போய்விட்டது. பழைய பஸ் முதலாளிகள் புதியவர்களைத் தடுக்க அதே பிரிவைத்தான் கருவியாக்கினார்கள் என்பது உண்மை. அவர்கள் வாயை அடைத்த கையோடு ஊர்க்காரன் வாயையும் அடைத்துவிட்டார்கள். இன்று பெர்மிட் மறுக்கப்பட்டவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பஸ் வராத ஊர்க்காரர் மனுதான் கொடுக்க வேண்டும்.

ரயில் வேறு உலகம். அரசியலமைப்பில் ரயில்வே முழுக்க மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சியருக்கோ மேயருக்கோ அதில் அதிகாரம் கிடையாது. பாலக்காடு, திருச்சி கோட்டங்களிலிருந்து பிரித்து 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் உருவானது. கோட்ட மேலாளர் சேலம் சூரமங்கலத்திலேயே இருக்கிறார் என்பதால் எல்லாம் இங்கேயே முடிவாகும் என்று நினைத்துவிடக் கூடாது. நடைமேடைத் தண்ணீர், பெட்டி எண் காட்டும் பலகை, வாகன நிறுத்தம், லிப்ட் போன்றவை கோட்டத்தின் கையில் இருக்கின்றன. புதிய ரயிலும் புதிய நிறுத்தமும் ரயில்வே வாரியம் வரை போக வேண்டியவை. ஓமலூரைத் தாண்டித் தர்மபுரி பக்கம் போனால் கோட்டமே மாறி, தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூருக் கோட்டம் வந்துவிடுகிறது.

பயணிகளுக்கு உள்ள வாசல் கோட்ட ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழு. கோட்ட மேலாளர் தலைவர். வணிகப் பிரிவின் மூத்த அதிகாரி செயலாளர். வர்த்தக சபைகள், பயணிகள் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள், மாநில அரசு ஆகியவற்றின் சார்பில் உறுப்பினர்கள் இருப்பார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. பெயரிலேயே இருக்கிறது, இது ஆலோசனைக் குழு. அது சொன்னதை நிர்வாகம் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் உறுப்பினர் எழுதிக் கொடுக்கிற கேள்விக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கிறது, அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் ஏறுகிறது. வாழப்பாடியிலோ ஆத்தூரிலோ பயணிகள் சங்கம் வைத்திருப்பவர்கள், தங்கள் கோரிக்கையை உறுப்பினர் ஒருவர் மூலம் அனுப்புவது நேரே தபாலில் போடுவதைவிட மேல். ஓடுகிற ரயிலில் குறை என்றால் 139 என்ற உதவி எண்.

எம்.பி.யிடம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏற்காட்டுக்காரர் கண்ணுக்குக் கீழே தெரிவது சேலம் ஜங்ஷன்தான். ஆனால் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. சேலம் எம்.பி. அலுவலகத்தில் வரிசையில் நின்று கடைசியில் ‘நீங்கள் அங்கே போக வேண்டும்’ என்று கேட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் ஜங்ஷன் வாசல் இருக்கிறது. இரவு ரயில் தாமதமாக வந்தால் புதிய பேருந்து நிலையத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை. ஆட்டோக்காரர் மட்டும் உடனே பதில் சொல்கிறார். சென்னைக்கு இதற்காகவே 2010இல் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடக்கவே 2022 ஆயிற்று. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்பது மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. 2011 கணக்கெடுப்பில் சேலம் நகர்த்தொகுதியின் (மாநகரும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்தது) மக்கள்தொகை 9,17,414. மயிரிழையில் வெளியே நிற்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது முறை மனு எழுதாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். காரணமோ புகாரோ எதுவும் எழுதவில்லை. இன்ன ஊருக்கு அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, ஒப்புதல் பெற்ற கால அட்டவணையின் நகல் வேண்டும் என்று இரண்டே வரி.

நகல் வந்தது. மங்கலான தட்டச்சு, ஓரத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம். டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்துப் படித்தோம். எங்களுக்குத் தெரிந்த நடை நான்கு. தாளில் இருந்தது ஐந்து. பிற்பகல் 2.15க்கு ஒரு நடை. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். “என் கல்யாணத்துக்கு முன்னால் இந்த பஸ் வந்துகொண்டிருந்தது அண்ணா” என்றார். அவருடைய மூத்த பெண் கல்லூரியில் படிக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை கொடுத்த மனுவில் அந்தத் தாளின் நகலை இணைத்து, வராத நாட்களின் தேதிகளை வரிசையாக எழுதினோம். மனுவின் முகவரியில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்பதோடு ‘வட்டாரப் போக்குவரத்து ஆணையம்’ என்றும் சேர்த்தோம். பன்னிரண்டாம் நாள் மாலை நடை திரும்ப வந்தது. 2.15 பஸ்ஸுக்காக இப்போது இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.