மரப்பாலத்துக்கு எதற்குக் கோழி வலை?

நியூசிலாந்தின் காட்டுப் பாதைகளிலும் டாஸ்மேனியாவின் சதுப்பு நிலங்களிலும் மரப்பலகைப் பாதைகள் நிறைய உண்டு. பல இடங்களில் பலகைமேல் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோணக் கம்பி வலையை விரித்து அடித்து வைத்திருப்பார்கள். பார்க்க அழகில்லைதான். மழை விட்ட மறுநாள் காலையில் அதன் அருமை தெரியும்.

நடக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் கால் இன்னும் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். உடம்பின் முழு எடையும் அதன்மேல் இறங்கியிருக்காது. செருப்புக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிய தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். அது விலகும்வரை நாம் மிதிப்பது மரத்தை அல்ல, தண்ணீரை. சமதளத்தில் சாதாரணமாக நடக்க உராய்வுக் குணகம் (தரை காலைப் பிடிக்கும் அளவைச் சொல்லும் எண்) சுமார் 0.2 இருந்தால் போதும். 12 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் இன்னொரு 0.08 தேவைப்படும். நடுவில் உயர்ந்த பாலங்களில் ஏறும்போது தெரியாத ஆபத்து இறங்கும்போது தெரிவது இதனால்தான்.

பலகையின் நுண்ணிய மேடுகள் இந்த நீர்ப்படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்தால் கால் பிடிக்கும். அந்த மேடுபள்ளம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே சுத்தமான தண்ணீருக்குப் போதும். ஆனால் பாசி வந்து அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு பொருளைச் சுரந்து, ஈரத்தையும் அதில் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை நின்ற பிறகும் பலகை வழுக்குவது அதனால்தான். கோயில் குளத்துப் படித்துறையில் கால் வைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தரை எவ்வளவு வழுக்கும் என்பதை பிரிட்டனில் ஊசல் கருவியால் அளக்கிறார்கள். ஊசலின் நுனியில் உள்ள ரப்பர் துண்டு, குதிகாலைப் போலவே நனைந்த தரையை உரசிவிட்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு பிடி. பிடி கூடக்கூடக் கருவி காட்டும் எண்ணும் கூடும். அது 36-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் குறைவு. 25-க்குக் கீழே என்றால் வழுக்கும் அபாயம் அதிகம்.

சரி, என்ன செய்வது? பலர் முதலில் நினைப்பது வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பலகை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. புதிதில் சரி. அப்புறம் அந்தப் பள்ளங்களில் மண்ணும் இலைச்சருகும் அடைந்து, பாசிக்கு அதுவே பாத்தியாகிவிடும். கம்பி வலை தண்ணீரையும் பாசியையும் தாண்டித் துருத்தி நிற்பதால் செருப்பின் ரப்பர் அதில் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. குறை என்னவென்றால், ஆட்கள் அதிகம் மிதிக்கும் நடுப்பகுதியில் கம்பி தேய்ந்து அறும். அறுந்த முனை காலைத் தட்டிவிடும். கூட்டம் அதிகமுள்ள நகரப் பாலங்களில் பிசினில் கரடுமுரடான மணலைக் கலந்து பட்டையாகப் பதிக்கிறார்கள். செலவு கூடுதல், ஆனால் நெடுநாள் நிற்கும்.

பாசியைத் தேய்த்துக் கழுவலாம். முரட்டுத் துடைப்பமும் தண்ணீரும் போதும். அழுத்தக் குழாயால் பீய்ச்சி அடித்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் மரத்தின் மென்மையான நார் கிழிந்து, அடுத்த மழைக்கு இன்னும் அதிக ஈரத்தைக் குடிக்கும். பலகைகளுக்கு நடுவே நீர் வடியச் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவதும், அது அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் இதைவிடப் பயன் தரும். சில பாலங்களுக்கு அதுகூட வேண்டாம்: மேலே கவிந்த கிளையை வெட்டி, வெயில் பட விட்டாலே பாதி பாசி போய்விடும்.