'கணக்கு வராது' என்று சொல்வதற்கு முன்

கும்பகோணத்தில் என் ஆலோசனை அறைக்கு வரும் பெற்றோர் வாயில் அதிகம் புழங்கும் வார்த்தை 'வராது'. "பாப்பாவுக்குக் கணக்கு வராது மேடம். காமர்ஸ் குரூப் போட்டுடலாமா?" என்று கேட்டார் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி. கையில் பத்தாவது படிக்கும் மகளின் காலாண்டு மார்க். (காமர்ஸிலும் கணக்கு உண்டு என்பது வேறு விஷயம்.)

மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று அவளிடம் கேட்டேன். "நாலுல ஒண்ணு மிஸ். நாலுதானே பெருசு?" ஒரே நீளத்தில் இரண்டு பேப்பர் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொன்னேன். மூன்றாக மடிப்பது லேசில்லை. இரண்டு தடவை கோணிப்போனது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ ஏழுல ஒண்ணு இன்னும் சின்னது. ஆனா மூணுல ரெண்டைவிட நாலுல மூணுதான் பெருசு." கடைசியில் சொன்னதை நான் கேட்கவே இல்லை. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

இயல்திறன் என்பது இதுதான். இப்போது என்ன தெரியும் என்பதல்ல; சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, அங்கிருந்து தானாக எவ்வளவு தூரம் போகிறது என்பது. அவளிடம் இல்லாதது கற்ற திறன், அதாவது இதுவரை படித்துத் தெரிந்துகொண்டது. விசாரித்தால், ஆறாவதில் பாதி வருஷம் கணக்கு டீச்சரே இல்லையாம். மூன்றாவதாகச் செய்திறன், அதாவது பழகிப் பழகிக் கைக்கு வருவது. மூன்றில் எது குறைந்தாலும் நாம் சொல்வது அதே 'வராது'தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதி வீட்டுப் பையனைப் பார்த்து 'ரத்தத்திலேயே ஊறினது' என்போம். தென்னை ஓலைக் கீற்றை மடித்தே சிலைக்கு அளவெடுக்கும் வீடு அது. தேன்மெழுகும் குங்கிலியமும் காயும் வாசனையில் வளர்ந்தவனுக்கு, மெழுகு எந்தச் சூட்டில் வளையும் என்பது பிறவியில் தெரிந்ததில்லை. இயல்திறனும் இருக்கலாம். ஆனால் அத்தனை வருஷப் பழக்கத்துக்கு அடியில் அது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

டெஸ்ட் வைத்துப் பார்க்கலாமே? வைக்கிறேன், ஆனால் மார்க்கை மட்டும் நம்புவதில்லை. 1947ல் அமெரிக்காவில் வெளியான டிஃபரென்ஷியல் ஆப்டிடியூட் டெஸ்ட் என்ற இயல்திறன் சோதனையில் எட்டுப் பகுதிகள். அதில் ஒன்று ஸ்பெல்லிங். ஸ்பெல்லிங் யாருக்குப் பிறவியில் வரும்? தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷில் டெஸ்ட் வைத்தால், கிடைக்கும் மார்க் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். விரல் ரேகையை ஸ்கேன் செய்து 'உங்கள் பிள்ளை டாக்டரா, இன்ஜினியரா' என்று தரும் ரிப்போர்ட்டுக்கு அறிவியல் ஆதாரமே கிடையாது. தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

குரூப் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னத்திலிருந்து ஆரம்பிக்கட்டும், இரண்டு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றேன். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஆறாவது புத்தகமா என்று அப்பாவுக்குச் சங்கடம். மகள் அந்தப் பேப்பர் துண்டுகளை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.