செக் திரும்பினால் கேஸ் சித்தூரிலா, பொள்ளாச்சியிலா?

கொழிஞ்சாம்பாறைத் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிவிட்டு, பொள்ளாச்சி வியாபாரியிடம் 1,80,000 ரூபாய்க்குச் செக் வாங்குகிறீர்கள். உங்கள் கணக்கு கொழிஞ்சாம்பாறையில், அவர் கணக்கு பொள்ளாச்சியில். செக் திரும்பிவிட்டது. எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் கேஸ் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் வந்த சட்டத் திருத்தம் அதை மாற்றிவிட்டது. பழைய தீர்ப்பை வைத்துக்கொண்டு அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கணக்கில் போட்டுத் திரும்பிய செக் என்றால், அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குரிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட். ஆகவே இது கொழிஞ்சாம்பாறை அடங்கும் பாலக்காடு மாவட்டச் சித்தூருக்குத்தான் போகும். அதே வங்கியின் வேறு கிளையில் செக்கைப் போட்டிருந்தாலும் ஊர் மாறாது. கணக்கில் போடாமல், அவருடைய வங்கிக் கவுண்டரிலேயே நேராக நீட்டியிருந்தால் மட்டும் பொள்ளாச்சி.

ஊரைவிடப் பெரிய கண்ணி நாள் கணக்கு. செக் திரும்பினால் கேஸ் போடுவது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில்; அதில் பாதி கேஸ் இங்கேயே விழும். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் திரும்பத் திரும்பப் போடலாம். ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியது என்று வங்கி தரும் சீட்டு) மார்ச் 10 அன்று கைக்கு வந்தது என்று வையுங்கள். அடுத்த 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 9-க்குள், பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு எடுபடாது. அவர் நோட்டீஸை ஏப்ரல் 2-இல் வாங்கினால், பணம் கொடுக்க 15 நாள், ஏப்ரல் 17 வரை. அதற்குள் கேஸ் போட்டால் அவசரப்பட்டது என்று தள்ளிவிடுவார்கள். 18-ஆம் தேதி வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. மே 18-க்குள் மனு. கேஸ் போடத் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸின் 30 நாள் தவறினால் அந்த வழி இல்லை. நோட்டீஸைச் சரியான விலாசத்துக்கு, ஒப்புகையோடு பதிவு செய்து அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

நோட்டீஸில் செக் தொகையைத் தெளிவாகக் கேளுங்கள். வட்டி, வக்கீல் செலவு கேட்பதானால் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதியதால் தோற்ற கேஸ்கள் உண்டு. இன்னொன்று: செக் வாங்கியபின் 50,000 ரூபாய் வரவு வந்திருந்தால், அதைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது (உச்ச நீதிமன்றம், 2022). பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதிக்குப் புதுச் செக் வாங்குவதுதான் தொல்லையில்லாதது.

செக் திரும்பிய காரணம் பேலன்ஸ் இல்லை என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கை மூடிவிட்டாலும், ஸ்டாப் பேமென்ட் (செக்குக்குப் பணம் தராதே என்று வங்கிக்குச் சொல்வது) கொடுத்தாலும் இந்தப் பிரிவு பாயும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு; ஆனால் எல்லாக் கேஸிலும் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இனிச் செக் கொடுப்பவர் பக்கம். குறி (சீட்டு) எடுக்கும்போது ஜாமீனுக்கென்று வெறும் கையெழுத்துப் போட்ட செக்கைக் கொடுப்பது நம் பக்கம் சகஜம். 'தொகையை நான் எழுதவில்லை' என்பது மட்டும் தப்பிக்கும் வாதம் அல்ல. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். கொடுத்தே ஆக வேண்டுமானால் செக் எண்ணை எழுதி, இன்ன குறிக்கு ஜாமீன் என்று ரசீது வாங்கி வையுங்கள். கடன் தீர்ந்த அன்றே செக்கைத் திரும்ப வாங்குங்கள்.

புரோநோட்டுக்கு 138 கிடையாது, சிவில் வழக்கு மட்டும்தான். கேட்டவுடன் தரும் நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டு கெடு. அதற்குள் வட்டியோ அசலில் கொஞ்சமோ வந்தால், கொடுத்தவர் கையெழுத்தோடு நோட்டின் பின்புறம் வரவு எழுதி வாங்குங்கள், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. பின்னால் ஸ்டாம்ப் ஒட்டியும், அபராதம் கட்டியும் அதைச் சரிக்கட்ட முடியாது.