கடலைக் காட்டினால் கோட் பாதுகாப்பாகிவிடாது, தம்பிமாரே

உப்புவெளிக் கடலைப் பார்த்து ஒரு கமராவைப் பூட்டி, அலையின் படத்திலிருந்து பாஸ்வேர்ட் ரீசெட் கோட் எடுக்கிறோம் என்று இன்னொரு குழு வந்து நிற்கிறது. மென்பொருள் பாதுகாப்புச் சோதனைதான் என் தொழில், திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தக் கூத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது.

இயற்கையிலிருந்து எடுத்ததாம், அதனால் யாராலும் ஊகிக்க முடியாதாம். சரி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள், மாறாத வானமும் மணலும் மறைந்துவிடும், அலை நகர்ந்த இடம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். வாடைக் காலத்தில் உப்பு படிந்த லென்ஸில் அதுவும் மங்கிவிடும். இவர்கள் தந்த பதிவில் நள்ளிரவுக்குப் பிறகு படம் வெறும் கறுப்பு, ஒரே கோட் வரிசையாக வந்திருக்கிறது! பகலில் எண்கள் கலைந்து கிடந்தன என்கிறார்கள். கண்ணுக்குக் கலைந்து தெரிவது வேறு, எதிராளியால் ஊகிக்க முடியாதது வேறு. 2006 முதல் 2008 வரை டெபியன் லினக்ஸ் என்ற ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் உருவாக்கிய இரகசியச் சாவிகளும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஒரு திருத்தத்தால் எழுமாற்று எண்ணுக்கு, அதாவது ஊகிக்க முடியாத எண்ணுக்கு, மூலமாக மிஞ்சியது, ஓடும் புரோகிராமுக்குச் சிஸ்டம் தரும் 32,768 வரையான புரோசஸ் எண் மட்டுமே.

உண்மையில் கமராவில் பிரயோசனமானது சென்சரின் இரைச்சல், அதாவது படத்தில் தானாக விழும் சின்னச் சின்னப் புள்ளிகள்தான், லென்ஸை மூடிவிட்டே அதை எடுத்த திட்டமும் உண்டு. நீங்களோ படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கி அதையும் அழித்துவிட்டீர்கள். படத்திலிருந்து எடுக்கும் பூச்சியமும் ஒன்றும் சமமாக வராவிட்டால் கணிதவியலாளர் வான் நியூமனின் தந்திரம் இருக்கிறது: இரண்டிரண்டாக எடுத்து, 01 வந்தால் 0, 10 வந்தால் 1, மற்றவை குப்பைக்கு. ஆனால் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, அடுத்ததைச் சாராமல் இருந்தால்தான் அது பலிக்கும், அலையில் பலிக்காது. இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் எழுமாற்று எண்ணுக்காக, உள்ளே மெழுகு மிதந்து நெளியும் லாவா விளக்குகளைப் படம்பிடிக்கிறதே என்பீர்கள். அவர்கள் அதை வேறு மூலங்களோடு கலக்கிறார்கள், அதை மட்டும் நம்பி இல்லை.

தயவுசெய்து ஒப்பரேட்டிங் சிஸ்டம் தரும் எழுமாற்று எண்ணையே எடுங்கள். பைத்தான் மொழியில் எழுதினால் ராண்டம் என்ற தொகுதி வேண்டாம், சீக்ரெட்ஸ் என்பதை எடுங்கள். ஜாவாவில் செக்யூர்ராண்டம். நேரத்தை விதையாக, அதாவது எண்களைப் பிறப்பிக்கும் தொடக்க எண்ணாக, போடவே போடாதீர்கள், ஒரு நாளில் 86,400 நொடிகள்தான், ஒரு பழைய லேப்டாப்பே அத்தனையையும் சோதித்துவிடும். கடல் வேண்டுமென்றால் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோட் எத்தனை நிமிடத்தில் காலாவதியாகும், எத்தனை தடவை பிழையாக அடித்தால் கணக்குப் பூட்டப்படும் என்று ஒருவரும் எனக்குக் காட்டவில்லை, அடுத்த தடவை வரும்போது முதலில் அதைக் கொண்டு வாருங்கள்.